மார்ச் மாதம் காணாமல்போனது குறித்து மாப்பிள்ளைக்கு

சிவகாசி,
3.12.2025

அன்பும் மரியாதையும் மிகுந்த மாப்பிள்ளை சபரிநாதன் அவர்களுக்கு, மாமனார் லட்சுமிகாந்தம் எழுதிக்கொள்வது. இங்கு நானும் உங்கள் அத்தையும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் சுகமில்லை. அதற்கான காரணம் கீழே போகப்போக வரும். கோயம்புத்தூரில் தாங்களும் யோகேஸ்வரியும் பேத்தியும் நோய்நொடியில்லாமல் இருக்க இருக்கன்குடித் தாயை வேண்டிக்கொள்கிறேன். போன வாரம் பஸ்ஸில் கொடுத்துவிட்ட காராச்சேவு நொறுங்காமல் வந்து சேர்ந்ததா என்று உங்கள் அத்தை கேட்கச் சொன்னாள்.

போன் இருக்கும்போது இந்த மனிதர் ஏன் கடிதம் எழுதுகிறார் என்று தாங்கள் நினைக்கலாம். போனில் பேசினால் தாங்கள் அதை ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். யோகேஸ்வரி நடுவில் புகுந்து, அப்பா அவரைக் குறை சொல்கிறீர்களா என்று கேட்டுவிடுகிறாள். மாப்பிள்ளையைக் குறை சொல்லும் வழக்கம் நம் குடும்பத்தில் எந்தக் காலத்திலும் கிடையாது. எனக்குச் சில சந்தேகங்கள் இருக்கின்றன, அவ்வளவுதான். அவற்றை வரிசையாகக் கேட்கலாம் என்று உட்கார்ந்தேன், வரிசையாக வருமா என்று தெரியவில்லை.

தீபாவளிக்குத் தாங்கள் இங்கே வந்திருந்தபோது எங்கள் முதலாளி காளிராஜ் இனிப்புப் பெட்டியோடு வீட்டுக்கு வந்ததும், பெரிய கம்பெனிகளில் தாங்கள் வகுப்பு எடுப்பதைக் கேள்விப்பட்டு நம் காலண்டர் கம்பெனியிலும் ஒரு நாள் பேச வேண்டும் என்று கேட்டதும் தங்களுக்கு ஞாபகம் இருக்கும். வெள்ளிக்கிழமை பைண்டிங் ஹாலில் வெள்ளை வேட்டியைத் திரையாகக் கட்டி, விளையாட்டு வீரர்களிடமிருந்து வேலை வாங்குகிறவர்கள் கற்றுக்கொள்ள வேண்டிய பதினோரு பாடங்கள் என்று இரண்டரை மணி நேரம் பேசினீர்கள். அங்கே தாள் அடுக்கும் பெண்கள் எல்லோரும் கைதட்டினார்கள். சாப்பாட்டு மணி அடித்ததற்குத்தான் தட்டினார்கள் என்று பிறகு யாரோ சொன்னார்கள், நான் நம்பவில்லை. அன்று சாயங்காலமே தாங்கள் பஸ் ஏறிவிட்டீர்கள். மறுநாள் காலையில் முதலாளி என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டார்.

"அண்ணாச்சி, உங்க மாப்பிள்ளை சொன்ன பதினோரு பாடத்தையும் இந்த சீசன்லயே பைண்டிங்ல கொண்டாந்துருங்க. சந்தேகம்னா கேட்டுக்கிடலாம், வீட்டு ஆளுதான" என்றார்.

மாப்பிள்ளை, தங்களிடம் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் எந்த விளையாட்டும் ஆடியதில்லை. பள்ளிக்கூடத்தில் மற்றவர்கள் கபடி ஆடும்போது அவர்களுடைய சட்டைகளைப் பிடித்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே நிற்பேன். ஒரு சட்டைகூடத் தொலைந்ததில்லை என்று டிரில் வாத்தியார் என்னைப் பாராட்டியிருக்கிறார். இந்தக் கம்பெனியில் முப்பத்தோரு வருடமாக மேனேஜர் வேலையையும் ஏறக்குறைய அப்படித்தான் பார்த்து வருகிறேன். அதனால் தாங்கள் பேசும்போது நாற்பது பக்க நோட்டில் ஒரு வரி விடாமல் எழுதிக்கொண்டேன். இரண்டாம் பாடத்தில் கேப்டன் எல்லோருக்கும் முன்னால் நிற்க வேண்டும் என்று இருக்கிறது. ஒன்பதாம் பாடத்தில் கேப்டன் எல்லோருக்கும் பின்னால் நிற்க வேண்டும் என்று இருக்கிறது. இரண்டையும் யோசித்து நான் வாசலில் நின்றேன். தண்ணீர் குடிக்கப் போகிறவர்கள் எல்லாம் என்மேல் இடித்துக்கொண்டு போனார்கள். இது முதல் சந்தேகம்.

எங்கள் ஹாலில் வேலை எப்படி நடக்கிறது என்பது தங்களுக்குச் சரியாகத் தெரிந்திருக்காது, அன்று வேலையை நிறுத்திவிட்டுத்தானே பேச்சுக் கேட்டோம். தினசரி காலண்டருக்கு எதிரெதிராக இரண்டு வரிசை. வரிசைக்குப் பன்னிரண்டு பெண்கள் தரையில் உட்கார்ந்திருப்பார்கள். ஒவ்வொருவர் முன்னாலும் ஒரு மாதத்துத் தேதித்தாள் அடுக்கு இருக்கும். ஜனவரி தன் தாளை எடுத்துப் பிப்ரவரியிடம் கொடுக்க, பிப்ரவரி தன் தாளை அதன்கீழ் வைத்து மார்ச்சிடம் கொடுக்க, டிசம்பர்வரை போய்ச் சேரும்போது அது ஒரு வருடமாகிவிடும். இங்கே பெண்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைவிட மாதம் சொல்லிக் கூப்பிடுவதுதான் அதிகம். ஜூலைக்குக் காய்ச்சல், அக்டோபர் மகளுக்குச் சடங்கு, மேற்கு வரிசை மார்ச் ஓயாமல் பேசுகிறாள் என்றுதான் எனக்கு விவரம் வரும். இரண்டு வரிசைக்கும் கடைசியில் அய்யம்மாள் உட்கார்ந்திருப்பார். இருபத்திரண்டு வருட சர்வீஸ். கட்டி வருகிற வருடத்தைத் தட்டி ஒழுங்குபண்ணிக் கட்டைவிரலால் ஓரத்தை ஒரு தடவை நெருடுவார். ஒரு மாதம் குறைந்தாலும் கூடினாலும் அந்த விரலுக்குத் தெரிந்துவிடும். அவர் தலையாட்டினால்தான் கட்டு தையல் மிஷினுக்குப் போகும். அவரைத் தலைவர் என்று யாரும் சொன்னதில்லை, அவரும் சொல்லிக்கொண்டதில்லை.

முதலில் போட்டி மனப்பான்மை என்ற பாடத்தை எடுத்தேன். கிழக்கு வரிசை ஓர் அணி, மேற்கு வரிசை ஓர் அணி என்று அறிவித்தேன். தினமும் காலையில் காசு சுண்டி, ஜெயித்த அணி மின்விசிறிக்கு அடியில் உட்காரலாம் என்று ஏற்பாடு. முதல் வாரம் வேகம் கூடியது உண்மை. இரண்டாவது வாரம் கிழக்கு அணியின் பசை வாளி காணாமல் போயிற்று. மறுநாள் மேற்கு அணியின் செருப்புகள் காணாமல் போயின. மாமியாரும் மருமகளும் எதிரெதிர் அணி என்பதால் ஒரு வீட்டில் மூன்று நாள் சமையல் நடக்கவில்லை என்று அந்த வீட்டு ஆண்பிள்ளை கேட்டில் வந்து நின்று என்னிடம் நியாயம் கேட்டார். நான் அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்.

அடுத்தது மஞ்சள் அட்டை. விதியை மீறுகிறவர்களுக்கு எல்லோர் முன்னாலும் மஞ்சள் அட்டை காட்டினால் ஒழுங்கு வரும் என்று சொன்னீர்கள். நம் ஊரில் பத்து அட்டை அடிப்பதும் ஐந்தாயிரம் அடிப்பதும் ஒன்றுதான் என்று முதலாளி ஐந்தாயிரமாக அடித்துவிட்டார், ஓரத்தில் தங்கக் கோடு வேறு போட்டு. முதல் அட்டையை மேற்கு வரிசை மார்ச், அதாவது முத்துமாரிக்கு, வேலை நேரத்தில் பேசியதற்காக விசில் ஊதிக் கொடுத்தேன். விசிலை ஊதினால் என் கீழ்ப் பல்செட் நகர்ந்துவிடுகிறது, அது வேறு விஷயம். அவள் எழுந்து நின்று இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, "யாருக்கு அண்ணாச்சி கல்யாணம்?" என்று கேட்டாள். பிறகு ஹாலில் இருந்த அத்தனை பேரும், எங்களுக்கு மட்டும் பத்திரிகை இல்லையா என்று கேட்டார்கள். எல்லோருக்கும் கொடுக்கும்படி ஆகிவிட்டது.

இதுவரை நடந்ததை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை மாப்பிள்ளை. ஆறாம் பாடத்தில்தான் எனக்குக் கால் இடறியது. சிறந்த ஆட்டக்காரரை அவ்வப்போது பெஞ்சில் உட்காரவைத்து ஓய்வு கொடுத்தால்தான் புதியவர்கள் மேலே வருவார்கள் என்று இருந்தது. ஹாலில் சிறந்த ஆள் யார் என்று யோசிக்கவே வேண்டியதில்லை. டைம் ஆபீஸிலிருந்து ஒரு மரப் பெஞ்சைத் தூக்கி வந்து சுவரோரம் போட்டு, அய்யம்மாளை அதில் உட்காரச் சொன்னேன். சம்பளம் உண்டு, வேலை கிடையாது, சும்மா இருந்தால் போதும் என்றேன். அவர் நான்கு நாள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாரும் அவரைப் பார்க்காதவர்கள்போலவே தாள் அடுக்கினார்கள், கட்டுகள் அவர் விரல் படாமலே தையலுக்குப் போயின. ஐந்தாம் நாள் கம்பெனி வேனில் அவர் வரவில்லை. ஆறாம் நாளும் வரவில்லை. ஓய்வு நன்றாக வேலை செய்கிறது என்றுதான் நான் நினைத்தேன் என்பதை வெட்கத்தோடு எழுதுகிறேன்.

அந்தச் சமயத்தில் ஏப்ரலாக உட்காருகிற பானுப்பிரியா ஒரு யோசனை சொன்னாள். அவள் பள்ளியில் மாவட்ட அளவில் கோ-கோ ஆடியவள். "மாப்பிள்ளை சார் சொன்ன கிரிக்கெட்டு, புட்பாலெல்லாம் நமக்கு ஒத்துவராது அண்ணாச்சி, நாமதான் ஏற்கெனவே கோ-கோ மாதிரி வரிசையா உக்காந்திருக்கோமே" என்றாள். எனக்குச் சரியாகத்தான் பட்டது. முதலாளிக்கு அதைவிடச் சரியாகப் பட்டது. அலுப்பாக இருக்கிறவர் எழுந்து ஓடிப்போய் இன்னொருவர் முதுகில் தட்டிக் கோ என்று சொன்னால் அவர் எழுந்துகொள்ள வேண்டும், இவர் அந்த இடத்தில் உட்கார வேண்டும். விதிப்படி ஒன்று விட்டு ஒருவர் எதிர்ப்பக்கம் பார்த்து உட்கார வேண்டும் என்றும் பானுப்பிரியா சொன்னதால், பாதிப் பேருக்குத் தாள் அடுக்கு முதுகுக்குப் பின்னால் போய்விட்டது. ஹால் முழுக்க ஒரே ஓட்டமும் சிரிப்புமாக இருந்தது. ஒரு வாரத்தில் எது யாருடைய மாதம் என்று யாருக்கும் தெரியவில்லை. நவம்பரைக் கூப்பிட்டால் நான்கு பேர் திரும்பினார்கள், அல்லது ஒருவரும் திரும்பவில்லை.

நவம்பர் இருபத்துநான்காம் தேதி முதலாளியின் தாயார் பங்குனி மாதம் என்றைக்குப் பிறக்கிறது என்று பார்க்கப் புதுக் காலண்டர் ஒன்று கேட்டார்கள். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். அந்த அம்மா தாளை ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே போய், பிப்ரவரி இருபத்தெட்டுக்கு அடுத்து ஏப்ரல் ஒன்று இருப்பதைப் பார்த்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்கள்.

"வாற வருசம் பங்குனி கெடையாதாப்பா?" என்று மெதுவாகக் கேட்டார்கள்.

நாகர்கோவில் ஜவுளிக்கடைக்கு ஏழாயிரம் காலண்டர் ஆர்டர், சனிக்கிழமை லோடு ஏற வேண்டும். ஐந்தாயிரம் தைத்து அடுக்கியாகிவிட்டது. குத்துமதிப்பாகப் பத்தை உருவிப் பார்த்தோம். மூன்றில் மார்ச் இல்லை, ஒன்றில் இரண்டு மே இருந்தது. எது முழு வருடம், எது குறை வருடம் என்று அறிய ஐந்தாயிரத்தையும் தாள் தாளாகப் புரட்ட வேண்டும். அதற்குப் பொங்கல் ஆகிவிடும். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்கு அப்போது தாங்கள் பேசிய பதினோராம் பாடம் ஞாபகத்துக்கு வந்தது. நல்ல கேப்டனுக்கு எப்போது மைதானத்தை விட்டு வெளியேற வேண்டும் என்று தெரியும் என்று சொன்னீர்கள். சொன்னபோது முதலாளி என்னைப் பார்த்தார். தாங்களும் பார்த்தீர்கள். இது அடுத்த சந்தேகம், இதைக் கடைசியில் கேட்கிறேன்.

மறுநாள் காலையில் வேனை எடுத்துக்கொண்டு சாத்தூர்ப் பக்கம் அய்யம்மாளின் கிராமத்துக்குப் போனேன். வீட்டு முற்றத்தில் மக்காச்சோளத்தைக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். வாங்க என்றார், நாற்காலி போட்டார், காப்பி கொடுத்தார். நான் நோட்டைப் பிரித்து ஆறாம் பாடத்தை விளக்க ஆரம்பித்ததும் கையைக் காட்டி நிறுத்தினார்.

"பள்ளிக்கூடத்துல தப்புப் பண்ணுனவுகளத்தான் பெஞ்சுல ஏத்துவாக. நான் என்ன தப்புப் பண்ணுனேன்? மொதல்ல அதச் சொல்லுங்க அண்ணாச்சி."

தப்பு ஒன்றும் இல்லை, விளையாட்டில் இது பெரிய மரியாதை என்று சொன்னேன். நான்கு நாள் அத்தனை பேர் முன்னாலும் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்ததில், வீட்டுக்கு வந்து கணவரின் முகத்தைப் பார்க்கவே கூசியது என்றார். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூடச் சும்மா இருந்து கூலி வாங்கியதில்லையாம். நான் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மறுபடி அவரே கேட்டார்.

"வெளையாட்டுன்னா எதிராளி ஒருத்தன் இருப்பான்ல? அவனச் செயிக்கத்தான அம்புட்டுப் பேரும் ஓடுறாக. நம்ம ஹால்ல எதிராளி யாரு? கிழக்கு வரிசை செப்டம்பரு என் நாத்தனா. அவள நான் எதுக்குத் தோக்கடிக்கணும்?"

நான் நோட்டை முன்னும் பின்னும் புரட்டினேன். பதினோரு பாடத்தில் எதிலும் இதற்கு விடை இல்லை மாப்பிள்ளை. என் கையெழுத்தில் விட்டுப்போயிற்றோ என்னவோ. மாப்பிள்ளையிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கேட்டுச் சொல்லுங்க என்றார். ஆகவே இதைத் தங்கள்முன் வைக்கிறேன்.

எழுந்து போகலாம் என்று நினைத்தபோதுதான், எதற்கு வந்தேன் என்பதையே இன்னும் சொல்லவில்லை என்று உறைத்தது. மார்ச் காணாமல்போனதைச் சொன்னேன். அய்யம்மாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தார். "எம்புட்டுல இல்ல?" என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். ஜோடியாக மே இருப்பதையும் சொன்னேன். என்னை அவர் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. நிறைந்த பந்தியில் இலையைத் தட்டிவிட்ட பிள்ளையைப் பார்ப்பதுபோல் இருந்தது. உள்ளே போனார், சேலை மாற்றிக்கொண்டு தூக்குச்சட்டியோடு வெளியே வந்தார், வேனில் ஏறி முன் சீட்டில் உட்கார்ந்தார். நான் இன்னும் மன்னிப்புக் கேட்டிருக்கவில்லை. வழியெல்லாம் எப்படிக் கேட்பது என்று யோசித்தேன். அச்சங்குளம் விலக்கு ரோட்டைத் தாண்டும்போது, தப்பு என்னுடையதுதான் என்று ஒருவழியாகச் சொன்னேன். "அது கெடக்கட்டும், தையலப் பிரிக்க ஊசிக்கத்தி இருக்கா?" என்று கேட்டார்.

ஹாலுக்கு வந்ததும் அவர் யாரையும் அதட்டவில்லை. அவரவர் மாதத்தில் உட்காருங்கள் என்று மட்டும் சொன்னார். எல்லோரும் எந்தப் பக்கம் திரும்ப வேண்டுமோ அந்தப் பக்கம் திரும்பி உட்கார்ந்தார்கள். மேற்கு வரிசையில் பிப்ரவரி மட்டும் காலி, தம்பி கல்யாணத்துக்கு ராஜபாளையம் போயிருந்தாள். அய்யம்மாள் சுற்றும்முற்றும் பார்த்துவிட்டு, "பிப்ரவரிக்கு நீங்க உக்காருங்க அண்ணாச்சி" என்றார். நான் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. வேட்டியை மடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

முழங்கால் காரணம் இதுதான். முப்பத்தோரு வருடத்தில் அந்த வரிசையில் நான் உட்கார்ந்தது அன்றுதான். இருப்பதிலேயே சின்ன மாதம் என்று பெயர், ஆனால் ஜனவரி தள்ளுகிற வேகத்தில் என்முன் வருடங்கள் குவிந்துவிட்டன. இந்தப் பக்கம் முத்துமாரி மார்ச்சைக் கையில் வைத்துக்கொண்டு எனக்காகக் காத்திருந்தாள். "எச்சி தொடாதீக அண்ணாச்சி, தண்ணி தொட்டு எடுங்க" என்று சொல்லிக்கொடுத்தாள். முதல் நாள் முழுவதும் அவள் மற்ற மாதங்களோடு பேசவில்லை, என்னைக் கவனிப்பதற்கே நேரம் சரியாக இருந்தது. அய்யம்மாள் அடுக்கிவைத்த காலண்டர்களை ஒவ்வொன்றாக எடுத்து, கட்டைவிரலால் நெருடி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போட்டுக்கொண்டே போனார். இரண்டு நாளில் ஐந்தாயிரமும் முடிந்தது. ஆயிரத்து நூற்று நாற்பதைத் தள்ளியிருந்தார். சந்தேகத்துக்கு அதில் இருபதைப் பிரித்துப் பார்த்தோம், இருபதும் குறை. நல்லதென்று வைத்ததில் இருபதைப் பார்த்தோம், இருபதும் முழு வருடம். அதற்குமேல் யாரும் பார்க்கவில்லை. கிழக்கு வரிசை பிரித்துக் கொடுத்தது, மேற்கு வரிசை மார்ச்சைச் சேர்த்தது, மிச்ச இரண்டாயிரத்தையும் இரண்டு வரிசையும் சேர்ந்தே முடித்தன. மூன்றாம் நாள் சாயங்காலம் என்முன் எதுவும் குவியவில்லை. முத்துமாரி என்னைத் திரும்பிப் பார்க்காமல் ஏப்ரலோடு பேச ஆரம்பித்துவிட்டாள். எனக்கு அது மனசுக்கு இதமாக இருந்தது என்று எழுதினால் தாங்கள் சிரிக்கக்கூடாது.

சனிக்கிழமை நான்கு மணிக்கு லோடு கிளம்பிவிட்டது. இங்கேதான் எனக்குப் பெரிய குழப்பம். லோடு ஏறுவதற்கு முன்பே முதலாளி ஹாலுக்குள் வந்து, நான் பெண்களோடு தரையில் உட்கார்ந்து தாள் அடுக்குவதைப் பார்த்துவிட்டு அப்படியே நின்றுவிட்டார். கண் கலங்கிவிட்டது அவருக்கு. "எட்டாம் பாடம் அண்ணாச்சி, கேப்டனே களத்துல எறங்கணும்னு உங்க மாப்பிள்ளை சொன்னாரே, நான்கூட மறந்துட்டேன், நீங்க மறக்கல பாருங்க" என்றார். போட்டோ எடுத்து வியாபாரிகள் குரூப்பில் போட்டுவிட்டார். தங்கள் பாடங்களால்தான் லோடு போனது என்று ஊரெல்லாம் சொல்கிறார். தங்கள் பாடங்களால்தான் லோடு நிற்கப் பார்த்தது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். அய்யம்மாளிடம் கேட்டேன், எனக்கு அந்தக் கணக்கெல்லாம் தெரியாது என்றார். எது சரி? இரண்டும் சரியாக இருக்க முடியுமா?

தை மாதம் அச்சுத் தொழில் செய்கிறவர்கள் அத்தனை பேரையும் கூட்டித் தங்களை மறுபடி பேசவைக்க முதலாளி மண்டபம் பார்த்துக்கொண்டிருக்கிறார். மாப்பிள்ளை வருவதை மாமனார் வேண்டாம் என்று சொல்வது முறையில்லை, ஆகவே நான் சொல்லவில்லை. தங்களுக்கு லீவு கிடைக்காது என்று தாங்களே சொல்லிவிட்டால் ஒருவருக்கும் மனக்கசப்பு இல்லை. வீட்டுக்கு வாருங்கள், பத்து நாள் இருங்கள், உங்கள் அத்தை ஆட்டுக்கறி எடுத்து வைப்பாள். பேச்சு மட்டும் வேண்டாம். பெண்கள் இப்போதுதான் செருப்பைத் தைரியமாக வாசலில் விடுகிறார்கள்.

கடைசியாக அந்தப் பதினோராம் பாடம். அது பொதுவாகச் சொன்னதா, என்னை வைத்துச் சொன்னதா? பொதுவென்றால் பதில் வேண்டாம். என்னை வைத்தென்றால் யோகேஸ்வரிக்குத் தெரியாமல் ஒரு வரி எழுதுங்கள். எனக்கு வருத்தம் இல்லை, விலகும் எண்ணம் எனக்கே அரைகுறையாக உண்டு. இந்த வயதில் இதற்குமேல் ஒரு புதுப் பாடம் என்னால் ஆகாது. பேத்திக்கு என் முத்தமும் ஆசியும். தங்கள் தாய் தகப்பனாருக்கு எங்கள் வணக்கத்தைச் சொல்லவும். எல்லோருக்கும் ஆயுளும் செல்வமும் பெருகட்டும்.

தங்கள் அன்பு மாமனார்,
லட்சுமிகாந்தம்

பின்குறிப்பு: ஒட்டிய கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். அந்தப் போட்டோவைப் பார்த்துவிட்டு விருதுநகரிலிருந்து பருப்பு மில்காரர்கள் மூன்று பேர் காரில் வந்தார்கள். பதினான்காம் தேதி ஞாயிற்றுக்கிழமை அவர்கள் கூட்டத்தில் நான் ஒரு மணி நேரம் பேச வேண்டுமாம். முடியாது என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன், சரி என்று வந்துவிட்டது. பெயருக்குமுன் பயிற்சியாளர் என்று போட்டு நோட்டீஸும் அடித்தாகிவிட்டது, பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆகவே மேலே எழுதியதையெல்லாம் தாங்கள் மனதில் வைத்துக்கொள்ள வேண்டாம். பதினோரு பாடங்களையும் விரிவாக, பெரிய எழுத்தில் எழுதி அடுத்த வாரம் வியாழக்கிழமைக்குள் கூரியரில் அனுப்பவும். ஜனங்கள் எந்த இடத்தில் கைதட்டுவார்கள் என்று பக்க ஓரத்தில் பென்சிலால் குறித்துவிடுங்கள், நான் அங்கே தண்ணீர் குடித்துக்கொள்கிறேன்.